அதுவும் போச்சு: வெள்ளிமலையில் ஒரு நட்சத்திரம் மறைந்த சாயங்காலம்

போன தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, விழுப்புரத்திலிருந்து சுமார் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் போய், கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையில் ஒரு நட்சத்திரம் இரண்டே நொடி காணாமல் போவதைப் பார்த்துவிட்டு வந்தேன். அருவிக்குப் போகவில்லை. படகு விடும் இடத்துக்குப் போகவில்லை. உருப்படியாக ஒரு போட்டோ கிடையாது. இருந்தாலும் இதுவரை இந்தப் பக்கத்தில் நான் எழுதிய கோயில், அணைக்கட்டு, மெஸ் சாப்பாடு எல்லாவற்றையும்விட இந்தப் பயணத்தைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், போன எனக்கே இன்னும் பாதி விளங்கவில்லை.

முதலில் என்னைப் பற்றி. டயர் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது பாஸ். பன்னிரண்டாவதில் கணக்கும் நானும் ஒத்துப்போகாமல் பிரிந்துவிட்டோம். அந்தக் கணக்கு என் மகள் பவித்ரா ரூபத்தில் வீட்டுக்கே வந்துவிட்டது. அவளுக்குப் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே போய்வருகிறாள். சனி, ஞாயிறு ஆனால் அவளும் அவளைப் போலவே நாலைந்து பேரும் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வானம் பார்க்கப் போய்விடுவார்கள். யாரும் விஞ்ஞானி கிடையாது. சம்பளமும் கிடையாது. கொசுக்கடி உண்டு.

அவள் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான கற்கள் சுற்றுகின்றன. சிறுகோள் என்கிறார்கள். அதில் ஒன்று, நாம் பார்க்கும் பார்வைக்கு நேராக, ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் வந்து கடக்கும். கல் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நட்சத்திரம் சில நொடி மறையும். எத்தனை நொடி மறைந்தது என்று சரியாகக் குறித்தால் கல் அந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். ஓர் ஊரிலிருந்து மட்டும் பார்த்தால் ஒரு கோடுதான் கிடைக்கும். அதை வைத்துக் கல் உருண்டையா, நீட்டமா என்று சொல்ல முடியாது. தள்ளித் தள்ளி இரண்டு மூன்று ஊரிலிருந்து பார்த்தால்தான் வடிவம் வரும்.

அந்தச் சனிக்கிழமைக் கல்லின் நிழல், அதாவது நட்சத்திரம் மறைந்து தெரியும் பட்டை, கடலூர்ப் பக்கம் கரையேறி, கள்ளக்குறிச்சி மேல் ஓடி, சேலம் பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஐம்பது கிலோமீட்டர் அகல நிழல். அதே கல் மறுபடி நம் ஊர் மேல் இப்படி வருவதற்கு அவள் ஆயுசு போதாதாம். ஆகவே மூன்று இடம் பிரித்தார்கள். நிழலின் நடுவில் தியாகதுருகம், அங்கே பவித்ரா. தெற்கே சின்னசேலம், அங்கே அவள் தோழி நிஷா. வடக்கு ஓரத்துக்குப் பக்கத்தில் வெள்ளிமலை. அங்கே போகவேண்டிய பையனுக்கு நாலு நாள் முன்னால் வைரஸ் காய்ச்சல் வந்தது. பவித்ராதான் முதல்முறையாகத் தலைமை எடுத்து எல்லோரையும் கூட்டியிருந்தாள். ஒரு இடம் விட்டுப்போகிற கவலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். நான்தான் வாயை விட்டேன், நான் போறேன்மா என்று.

நாலு நாள் மொட்டை மாடியில் பயிற்சி. திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து ஆரம்பித்து, வலது பக்கம், மேலே, ஒரு சின்ன முக்கோணம், அதன் நுனி. டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பதால் வலது என்றால் இடது. இதில் நான் இரண்டு நாள் தவறான நட்சத்திரத்தைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது குரல் பதிவு. ஒரு போனில் நொடிக்கு ஒரு தடவை 'டிக்' அடிக்கும் கடிகாரம். அது செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும், டவர் வேண்டாம். இன்னொரு போன் அந்தச் சத்தத்தையும் என் குரலையும் சேர்த்துப் பதியும். மறையும்போது 'டி', திரும்ப வரும்போது 'ஆர்' என்று சொல்ல வேண்டும், அதுதான் உலக வழக்கமாம். என் மனைவி ஜீரோ வாட் பல்பை அணைத்து அணைத்துப் போட, நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அணைந்தால் ஆர் என்றேன். எரிந்தால் டி, இல்லை ஆர் என்றேன். மூன்றாம் நாள் நிஜமாகவே தெருவில் கரண்ட் நின்றது. எல்லா வீட்டிலும் எழுகிற அதே சத்தம் என் வாயிலிருந்தும் வந்தது, "போச்சு."

பவித்ரா எழுந்து வந்துவிட்டாள். "இதான்ப்பா. இதயே சொல்லு. யோசிக்காம வருது பாரு. நட்சத்திரம் மறைஞ்சா போச்சு, தெரிஞ்சா வந்துச்சு."

யோசிக்காமல் வருகிற வார்த்தைதான் வேண்டும், ஏனென்றால் கண் பார்த்து வாய் சொல்வதற்குள் ஆகிற தாமதம் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு. எனக்கு அளந்து பார்த்தாள், புள்ளி ஏழு நொடி. அதைக் கழித்துக்கொள்வார்களாம். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து தாமதித்து நான் பார்த்ததில்லை, அதையும் சேர்த்துக் கழி என்றாள் என் மனைவி.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு விழுப்புரத்தில் சேலம் பஸ் பிடித்தோம். எட்டேகாலுக்குத் தியாகதுருகம். மனைவியும் மகளும் அங்கே இறங்கிக்கொண்டார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே தெரிந்தவர் ஒருவரின் களத்துமேட்டில் அவர்களுக்கு இடம். இறங்கும்போது பவித்ரா சொன்ன கடைசி வார்த்தை: "இன்னா ஆனாலும் கண்ண எடுக்காதப்பா." நான் பதினாலு கிலோமீட்டர் தாண்டிக் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கினேன். டார்ச்சில் கட்டிக்கொள்ள. வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் இருட்டை மறந்துவிடும், சிவப்புக்கு மறக்காது. கடைக்கார பாய் என்னையும், போர்வையில் சுற்றிய டெலஸ்கோப் குழாயையும், முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செகப்பு டார்ச்சு, குழா, மலைக்கு வேற போறீங்க. பொதையல் கிதையலா?"

நட்சத்திரம் பார்க்க என்றேன். புதையல் என்றே சொல்லியிருக்கலாம், அதை நம்பியிருப்பார்.

பத்து ஐம்பதுக்கு வெள்ளிமலை பஸ். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். கச்சிராயபாளையம் வரை வயலும் கரும்பு லாரியும். கோமுகி அணையைத் தாண்டியதும் பஸ் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பிக்கும். வாந்தி வரும் ஆட்கள் முன்பக்கம் உட்காரவும். கண்டக்டர் என் குழாயைத் தட்டிப் பார்த்து, நாதஸ்வரமா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன், விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது. "தவிலு எங்க, பின்னால பஸ்சுல வர்தா?" என்றார். குழாய்க்கு லக்கேஜ் போட்டு நாற்பது ரூபாய், எனக்கு முப்பத்தெட்டு. மேலே ஏற ஏறக் காற்று மாறியது. போனில் டவர் போனது. மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு வெள்ளிமலை.

காய்ச்சல்காரப் பையன் முன்னமே பேசி வைத்திருந்த இடம் கோவிந்தன் வீடு. கோவிந்தன் ஜீப் ஓட்டுகிறவர். வீட்டின் முன்பக்கம் டீக்கடை, அதை அவர் மனைவி அஞ்சலை பார்த்துக்கொள்கிறார். மருமகள் செல்விக்கு ஏழு மாதம். வீட்டுக்குப் பின்னால் சாமை அறுத்துவிட்ட வெறும் கொல்லை, கிழக்கே மறைப்பே இல்லை. இடம் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அங்கேதான் தப்புச் செய்தேன்.

முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது கோவிந்தன் வந்து, இது இன்னாத்துக்கு என்று கேட்டார். சர்வேயா, பாரஸ்ட்டா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்களாம். நான் கல், நட்சத்திரம், நிழல் என்று பவித்ரா சொன்ன வரிசையிலேயே ஆரம்பித்தேன். நடுவில் வரிசை எனக்கே தவறிவிட்டது. அவர் பாவம் கஷ்டப்பட்டுக் கேட்டுவிட்டு, "அப்போ கிரகணமுங்களா?" என்றார்.

அப்பாடா என்று இருந்தது. "அதேதாங்க. ஒரு மாதிரி கிரகணம்."

"எத்தினி மணிக்கு?"

"ஏழு நாப்பத்திரெண்டு."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஒரே வார்த்தையில் புரிய வைத்துவிட்டேனே என்று எனக்குப் பெருமை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு பரபரப்பு. குடத்தை மூடினார்கள். கொடியில் காய்ந்த துணியை எடுத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்து ஏதோ கேட்டுக்கொண்டு வேகமாகத் திரும்பிப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கே அஞ்சலை வந்து, "அண்ணே, சீக்கிரமா துன்னுடுங்க, அடுப்பு மூட்டிக்கினு இருக்கேன்" என்றார். எவ்வளவு உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். செல்வியை மட்டும் காணவே இல்லை. கூச்ச சுபாவம் போல என்று அதற்கும் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

ஆறே முக்காலுக்கு இருட்டத் தொடங்கியது. நட்சத்திரங்கள் வந்தன. விழுப்புரத்து மொட்டை மாடியில் எண்ணி எடுக்கிற அளவுதான் இருக்கும். இங்கே அள்ளிப்போட்டு வைத்திருந்ததில் என் முக்கோணம் எது என்று தெரியவில்லை. அரைமணி நேரம் தேடினேன். குளிர் வேறு, ஸ்வெட்டர் தியாகதுருகத்தில் மனைவி பையில் பத்திரமாக இருந்தது. ஏழு இருபத்தைந்துக்குத்தான் முக்கோணம் மாட்டியது. பவித்ரா வரைந்து கொடுத்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து, வலதை இடதாக்கி, மூன்று தடவை சரிபார்த்தேன். கடை வாசல் பல்பு மட்டும் கண்ணில் குத்தியது. கோவிந்தனிடம் சொன்னேன். அவர் அதை அணைத்ததோடு, தெருவில் நாலு வீட்டுக்கும் குரல் கொடுத்து வாசல் விளக்கை அணைக்க வைத்தார். கிரகணத்துக்கு மரியாதை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஏழு முப்பத்தெட்டுக்கு இரண்டு போனையும் போட்டுவிட்டேன். 'டிக், டிக்' என்று கடிகாரம். கண் டெலஸ்கோப்பில். என் டெலஸ்கோப்புக்கு மோட்டார் கிடையாது. நட்சத்திரம் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், விரலால் லேசாகத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்தபோது, பின்பக்கச் சமையலறை ஜன்னலிலிருந்து மிக்சி ஓட ஆரம்பித்தது. 'டிக்' சத்தமே கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். அடுத்தவர் வீட்டு அடுப்படி, நாம் யார். வாயை மூடிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழு நாற்பதுக்கு ஒரு தடவை தரையைப் பார்த்தேன். நிழல் வருகிறதென்றார்களே, கிழக்கிலிருந்து ஏதாவது இருட்டாக ஓடி வருகிறதா என்று. சாமைத் தாள்தான் இருந்தது. ஓடிப்போய்க் கண்ணைத் திரும்ப வைத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை, எனக்கு நினைவிருக்கிற வரிசையில் சொல்கிறேன், அந்த வரிசையை நம்ப வேண்டாம். மிக்சி நின்றது. ஜன்னல் வெளிச்சம் நின்றது. வீட்டுக்குள்ளிருந்தும் தெருவிலிருந்தும் "போச்சு" என்று சத்தம். என் வாயும் போச்சு என்றது. டெலஸ்கோப்பில் நட்சத்திரமும் இல்லை. ஒரு நொடி, அதுவும் இதே கரண்ட் லைனில்தான் இருக்கிறது போல என்று தோன்றியது. ஏதோ சொன்னேன். நட்சத்திரம் வந்தது, வெளிச்சம் வந்தது, வந்துச்சு என்று எல்லோரும் சொன்னோம். கூடவே மிக்சி தானாக ஓட ஆரம்பித்து, அஞ்சலை அலறி, பாத்திரம் விழுந்து, எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நொடிகூட இருக்காது. கண்ணை அப்புறமும் இரண்டு நிமிஷம் எடுக்கவில்லை. ஆனால் என்ன பார்த்தேன், எதை முதலில் பார்த்தேன் என்று யோசிக்க யோசிக்க எல்லாம் கலங்கிவிட்டது.

உள்ளே போனால் சமையலறைச் சுவரெல்லாம் வேர்க்கடலைச் சட்னி. கரண்ட் போனபோது அஞ்சலை மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார், சுவிட்சை நிறுத்தவில்லை. என் துண்டால் சுவரைத் துடைத்துக் கொடுத்தேன். "வூட்டு ஆளுங்களுக்கும் கெரகணத்துக்குள்ள ஆக்கி எறக்கிடணும்னு அவசரம் அண்ணே" என்றார். அப்போதுதான் எனக்கு வெளிச்சம் அடித்தது. குடம் மூடியது, துணி எடுத்தது, ஆறு மணிச் சாப்பாடு, தெரு விளக்கு எல்லாம் என் ஒரு வார்த்தையால். நாலு மணியிலிருந்து கர்ப்பிணிப் பெண்ணை அறையை விட்டு வெளியே விடவில்லை.

வெட்கமாகிவிட்டது. இது அந்தக் கிரகணம் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது, நான்தான் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கோவிந்தன் சிரித்தார். செல்வி வெளியே வந்து, அதையாவது காட்டுங்கள் என்றாள். காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத்துனூண்டு புள்ளிக்கா என்னிய நாலு மணி நேரம் உள்ள ஒக்கார வச்சீங்க?"

"அது கூட ரெண்டு நொடிதாம்மா மறைஞ்சிது."

"மறைஞ்சிதா இல்லியா, அதாவது பாத்தீங்களா?"

நான் முக்காலியை மடக்கினேன்.

எட்டரைக்குக் கோவிந்தன் ஜீப்பில் கீழே இறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் டவர் வந்தது, பவித்ராவின் அழைப்பும் வந்தது. சின்னசேலத்தில் கடைசிப் பத்து நிமிஷத்தில் மேகம் மூடி நிஷாவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. தியாகதுருகத்தில் வானம் சுத்தம், நாலு புள்ளி இரண்டு நொடி மறைந்ததை அவள் பார்த்துவிட்டாள். ஆக அவளிடம் ஒரு கோடு. இரண்டாவது கோடு இருந்தால் என்னிடம்தான் இருக்க வேண்டும்.

"உனக்குப் போச்சாப்பா?"

"போச்சும்மா. இன்னா போச்சுன்னுதான் தெரில."

அவள் அழுவாளோ என்று பயந்தேன். அவளோ, சரி, ஜாக்கிரதையாக வா, பதிவை மட்டும் அழித்துவிடாதே என்றாள். கோவிந்தன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டி ஓட்டினார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜ், மூன்று பேருக்குத் தொள்ளாயிரம் ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். மனைவியும் மகளும் முன்னமே வந்திருந்தார்கள். மனைவிக்குச் சட்னிக் கதையைச் சொன்னேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பவித்ரா சிரித்தாள், ஆனால் போனை வாங்கிப் பதிவை மட்டும் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, தூங்கி எழுந்து கேட்கலாம் என்று வைத்துவிட்டாள். களைத்த காதோடு கேட்டால் ஆசைப்பட்டதெல்லாம் கேட்குமாம்.

ஞாயிறு காலை, லாட்ஜுக்குக் கீழே டிபன் கடை. இட்லி வருவதற்குள் பவித்ரா இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். ஐந்தாறு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு ஒரு காதை எனக்குக் கொடுத்தாள். இரைச்சலுக்கு நடுவே 'டிக்'குகள், அதற்கு மேல் என் குரல், எனக்கே அந்நியமாக:

"போச்சு. ... அதுவும் போச்சு. ... வந்துச்சு. ... அதுவும் வந்துச்சு."

"எது போச்சு, எது அதுவும் போச்சு?" என்றாள் பவித்ரா.

யோசித்தேன். கரண்ட் முதலில் என்று தோன்றியது. இல்லை, நட்சத்திரம் போய்த்தான் கரண்ட் போனதோ. வருவதிலும் அதே சந்தேகம். அவள் இட்லித் தட்டை நகர்த்திவிட்டு விரல் விட்டுச் சொன்னாள். ஒரு கணக்குப்படி இரண்டு நொடி, ஒன்றின்படி நாலு, இன்னொன்றில் ஐந்து, கடைசியில் ஏழு. ஒரு கல்லுக்கு நாலு அகலம் எழுத முடியாது.

"கண்ண எடுத்தியாப்பா? எடுத்திருந்தா சொல்லிடு. நான் கோச்சிக்க மாட்டேன்."

"எடுக்கல."

"எனக்காகச் சொல்லாத."

"எடுக்கலம்மா. அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி எடுத்தேன், தரையப் பாக்க. அப்போ எடுக்கல."

தரையை எதற்குப் பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. நம்பினாள் என்று தெரிந்தது. ஆனால் நம்பிக்கையை அறிக்கையில் எழுத முடியாது. எது எதுவென்று நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டால், சின்னசேலத்தைப் போல வெள்ளிமலையிலும் ஒன்றும் இல்லை என்றே எழுத வேண்டியதுதான் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் போய் நான் கொண்டுவந்தது வாயில் வந்த நாலு வார்த்தை, அதுவும் எதைப் பற்றி என்று தெரியாமல்.

என் மனைவி இன்னொரு காதை வாங்கி, தன் வீட்டுக்காரர் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்கிற ஆசையில் மாட்டிக்கொண்டாள். கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த இரைச்சல்தான் சட்னியா? இந்தா நிக்குது பாரு. இந்தா, தானா ஓடுது."

பவித்ரா சட்டென்று நிமிர்ந்தாள். அம்மா காதிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் இவ்வளவு நேரமும் மிக்சி இரைச்சலைத் தள்ளிவிட்டு என் குரலை மட்டும் கேட்க முயன்றிருக்கிறாள். இப்போது என் குரலை விட்டுவிட்டு மிக்சியைக் கேட்டாள். கம்ப்யூட்டரைத் திறந்து, சத்தத்தைக் கோடாக வரையும் ஏதோ ஒன்றில் ஏற்றினாள். இட்லி ஆறிப்போனது. கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப்பார்த்தார்.

மிக்சி நிற்பதுதான் கரண்ட் போன நேரம், அதில் யாருடைய வாய்க்கும் வேலை இல்லை. அது நின்று புள்ளி எட்டு நொடி கழித்து என் முதல் 'போச்சு'. ஆக அது கரண்டுக்குச் சொன்னது. மிக்சி தானாக ஓட ஆரம்பித்தது, சுவிட்சை நிறுத்தாததால், கரண்ட் வந்த அதே நேரம். அதிலிருந்து புள்ளி எட்டு நொடி கழித்து என் 'அதுவும் வந்துச்சு'. ஆக அதுவும் கரண்டுக்கு. நடுவில் மிச்சம் இருக்கிற 'அதுவும் போச்சு', 'வந்துச்சு' இரண்டும்தான் நட்சத்திரம். இரண்டுக்கும் இடையில் இரண்டு புள்ளி ஒன்று நொடி. கரண்ட் போய் வருவதற்குள்ளேயே நட்சத்திரம் போய் வந்துவிட்டது.

"கல்லு உருண்டையா இருந்தா உனக்கு ரெண்டு புள்ளி ஒம்பது வரணும்ப்பா. ரெண்டு புள்ளி ஒண்ணுதான் வந்திருக்கு. அந்தப் பக்கம் கொஞ்சம் தட்டையா இருக்கு."

"சப்பிப்போன உருளக்கெழங்கு மாரி?"

"அப்படித்தான்னு நினைக்கிறேன்."

சந்தோஷத்தில் அவள் ஆறின இட்லியைச் சாப்பிட்டாள். நான்தான் இன்னும் தெளியவில்லை. வீட்டில் அளந்தபோது என் தாமதம் புள்ளி ஏழு, இங்கே புள்ளி எட்டு என்கிறாயே, இவ்வளவு தாமதமான ஆளை வைத்து எப்படிக் கணக்குப் போடுவாய் என்று கேட்டேன்.

"மலைக் குளிர்ல கொஞ்சம் ஜாஸ்தி ஆயிருக்கு. அது பரவால்ல. ரெண்டு வாட்டியும் அதே புள்ளி எட்டு, பாத்தியா? நேரத்துக்கு வரணும்னு இல்லப்பா. எப்பவும் ஒரே அளவு லேட்டா வந்தாப் போதும், கழிச்சிக்கலாம்."

என் மனைவி, இருபத்தேழு வருஷமாக ஒரே அளவுதான் என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டாள். எனக்கு அந்த வார்த்தையை வீட்டுக்குப் போய்ப் பிரேம் போட்டு மாட்டலாம் போல இருந்தது.

இப்படி ஊர் ஊராகக் கோடு சேர்க்கிறவர்களுக்கு அறிக்கை போயிற்று. குறிப்பு எழுதும் இடத்தில், பார்வையாளர் மின்தடையையும் சேர்த்து அறிவித்தார், அவரது தாமதம் சமையலறை மிக்சியால் சரிபார்க்கப்பட்டது என்று பவித்ரா எழுதியிருக்கிறாள். இரண்டாவது கோட்டை ஏற்றுக்கொண்டார்கள். எங்கேயோ ஒரு படத்தில் வெள்ளிமலை என்று ஒரு சின்னக் கோடு இருக்கிறது, காட்டினாள்.

போகிறவர்களுக்கு என்னால் ஆன யோசனைகள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பகலில் பஸ் உண்டு, சாயங்காலத்துக்கு மேல் நம்பி இருக்காதீர்கள். இறங்க ஜீப் பேசிவைத்துவிடுங்கள், எனக்கு ஆயிரத்து இருநூறு ஆனது. தை, மாசியில் வானம் நன்றாக இருக்கும், குளிரும் நன்றாக இருக்கும். ஸ்வெட்டரை உங்கள் பையிலேயே வையுங்கள். பணம் கீழேயே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே டவர் இல்லை என்பதை வீட்டில் முன்னமே சொல்லிவிடுங்கள். யார் கேட்டாலும் கிரகணம் என்று மட்டும் சொல்லாதீர்கள், நேரம் ஆனாலும் கல், நட்சத்திரம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். யார் வீட்டுக் கொல்லையில் நிற்கிறீர்களோ அவர்கள் சமையலை நிறுத்தச் சொல்ல வேண்டாம், அது எதற்கு உதவும் என்று நமக்குத் தெரியாது. தரையைப் பார்க்க வேண்டாம், ஒன்றும் தெரியாது, நான் பார்த்துவிட்டேன்.

போன வாரம் அஞ்சலை கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தபோது போனில் பேசினேன். செல்விக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். குழந்தையின் முதல் கிரகணம் நான் கொண்டுவந்ததுதான் என்று கோவிந்தன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

நேற்று பவித்ரா வீட்டில் இருந்தாள். இதை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் நின்றது. பழக்க தோஷம், போச்சு என்றேன். இருட்டில் பக்கத்து அறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"புள்ளி எட்டு."